எண்ணெய் தேய்க்கும் கை

தங்கைக்கு 33ஆவது வாரத்திலேயே குழந்தை பிறந்தது. எடை 1,700 கிராம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் வைத்திருந்து, தாய்ப்பாலைத் தானே உறிஞ்சிக் குடிக்கும் நிலைக்கு வந்து, எடையும் ஏறத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது சொன்ன அறிவுரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். தலையை ஏன் மூடி வைக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் ஏன் கை கழுவ வேண்டும், பால் கொடுக்கும் இடைவெளி ஏன் நீளக் கூடாது என்பதெல்லாம் விளங்கும்படி இருந்தன. ஒன்றுக்கு மட்டும் காரணம் வரவில்லை. "எண்ணெய் தேய்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்" என்றார்கள், அவ்வளவுதான். வீட்டிலோ அம்மா தேங்காய்ப் பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுத்து வைத்திருந்தார். எங்கள் தெருவில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய ஆச்சியிடம் வரச்சொல்லியும் வைத்திருந்தார்.

இரண்டு தரப்புமே குழந்தையின் நன்மையைத்தான் எண்ணின. ஆனால் ஒரு தரப்பு முழுவதும் வேண்டாம் என்றது. மறு தரப்பு முழுவதும் வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மார்களுக்கு 2015 முதல் வழங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, சோப்பு ஆகியவற்றோடு குழந்தைக்கான எண்ணெயும் ஒரு குப்பி இருந்ததை நான் அறிவேன். பெட்டகத்தில் எண்ணெயை வைத்துக் கொடுத்த அதே மருத்துவ உலகம் வாய்மொழியாக அதை விலக்குவது ஏன் என்ற கேள்வி அன்றைக்குத் தொடங்கி நெடுநாள் என்னை விடவில்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தேன். குழந்தை மருத்துவர்களிடம் கேட்டேன். ஆச்சியின் கையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்படிச் சேர்ந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மயாமியில் ஏறிய எடை

குறைமாதக் குழந்தைகளைத் தொடவே கூடாது, தொட்டால் அவர்களின் சக்தி வீணாகும் என்பதே நெடுங்காலம் மருத்துவமனைகளின் கொள்கையாக இருந்தது. ஊசி போடவும் குழாய் மாற்றவும் மட்டுமே கைகள் உள்ளே போகும். இந்தக் கொள்கையை அசைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டிஃபனி ஃபீல்டு. அவரும் அவருடைய குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நிலை சீரடைந்த 40 குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் என்ற கணக்கில், 10 நாட்கள் உடலை நீவிக் கைகால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். நீவப்பட்ட குழந்தைகளின் அன்றாட எடையேற்றம் மற்றவர்களைவிட 47 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அவர்கள் ஏறக்குறைய ஆறு நாட்கள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். இதில் வியப்பு என்னவென்றால், இரு குழுக் குழந்தைகளும் குடித்த பாலின் அளவில் வேறுபாடு இல்லை.

அதே பாலைக் குடித்து எப்படி எடை கூடும்? விடையின் ஒரு பகுதி டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் எலிக்குட்டிகளிடம் கண்டவற்றில் இருக்கிறது. தாயைப் பிரித்துவிட்டால் குட்டியின் உடலில் வளர்ச்சி இயக்குநீர் (ஹார்மோன்) குறைகிறது. செல்கள் பெருகத் தேவையான ஒரு நொதியின் செயல்பாடும் விழுகிறது. வெப்பமும் உணவும் கொடுத்தும் அது மீளவில்லை. தாய் எலி நக்குவதைப் போல ஈரத் தூரிகையால் அழுத்தி வருடியபோது மீண்டது. மனிதக் குழந்தைகளில் பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது, நீவும் நேரத்தில் வேகஸ் நரம்பின் செயல்பாடு உயர்வதும், இரைப்பையின் அசைவு கூடுவதும் தெரிந்தன. செரிமானத்தை நடத்துவதில் அந்த நரம்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, தோலின் மேல் நடப்பது வயிற்றுக்குள் போய்ச் சேர்வதற்கு ஒரு வழி இருக்கிறது. "தேய்த்துக் குளிப்பாட்டினால் பால் நன்றாகச் செரிக்கும், நன்றாகத் தூங்கும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததை நான் வெறும் பழக்கப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் மயாமி ஆய்வகத்துக்கும் இத்தனை நெருக்கம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எண்ணெய்க்குத் தனியாகவும் ஒரு பங்கு உண்டு. குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதன் வழியே நீரும் வெப்பமும் வெளியேறும், கிருமிகள் உள்ளே நுழையும். டாக்காவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசி நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று வரும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர் வந்த கணக்கில் இறப்பும் 26 விழுக்காடு குறைவு. அதே 2005இல் மும்பையிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்க்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாக எடை ஏறினார்கள். இதற்கு நேர்மாறாக, வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் வழக்கமாகத் தேய்க்கப்படும் கடுகெண்ணெய், தோலின் காப்பு அரண் மீள்வதைத் தாமதப்படுத்துவது எலிகளிடம் தெரியவந்தது. எனவே எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதிலும் பிழை நேரக்கூடும். எந்த எண்ணெய் என்று கேட்டாக வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மருத்துவமனை சொன்னது தவறு என்று முடிவுகட்டிவிடலாம்தான். ஆனால் நேர்மையாகப் படித்தால் மறுபக்கமும் கண்ணில் படும். குறைமாதக் குழந்தைகளை நீவுவது பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுப்பு, நாளொன்றுக்குச் சராசரியாக 5 கிராம் எடை கூடுவதையும், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் நான்கைந்து குறைவதையும் கண்டது. ஆனாலும் பல ஆய்வுகள் நடத்தப்பட்ட முறை திருப்தியாக இல்லாததால், எல்லா இடத்திலும் இதை நடைமுறைப்படுத்தச் சான்று போதாது என்றே அத்தொகுப்பை எழுதியவர்கள் கருதினார்கள். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளுக்கு நிலைமை இன்னும் மங்கல். 34 ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் வந்த தொகுப்பில், ஐயத்துக்குரியவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது எடை குறித்த பலன் தேறவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்த நிலையை நிதானமாகப் பதிவு செய்கின்றன: நலமான நிறைமாதக் குழந்தைக்கு மென்மையாக உடல் முழுவதும் நீவுவதைக் கருத்தில் கொள்ளலாம், குறைமாதக் குழந்தையின் உடலில் எண்ணெய் பூசுவதையும் கருத்தில் கொள்ளலாம். கட்டாயம் என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை.

நாளுக்கு ஐந்து கிராம் என்பது 1,700 கிராம் குழந்தைக்குச் சிறிதன்று. ஆனால் அந்த ஐந்து கிராமுக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை.

ஆச்சி சொல்லித்தந்தது

தங்கை தன் குழந்தையைத் தொடப் பயந்தாள். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. பிறந்த நாள்முதல் குழாய்களும் ஒலிக்கும் கருவிகளும் சூழ, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த உடலைத்தான் அவள் பார்த்திருந்தாள். மார்போடு தோல்பட அணைத்து வைத்திருக்கும் முறையை மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அது பெரும் நன்மை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அப்படி அணைத்து வைத்திருந்தால் முதல் மாதத்துக்குள் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியிருக்கிறது. ஆனால் அவள் அணைத்திருந்தபோதும் கைகள் விறைத்தே இருந்தன. வீட்டுக்கு வந்த பிறகு துணி மாற்றுவது, துடைப்பது எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கூப்பிட்டாள். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை யாரிடமாவது நீட்டிவிடுவாள். இரவில் அழுதால் குழந்தையோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

எடை இரண்டரை கிலோவை நெருங்கிய பிறகு, மறுபரிசோதனையில் வேறொரு மருத்துவரிடம் எண்ணெய் பற்றி மறுபடி கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், வீடுகளில் எண்ணெய் தேய்ப்பதோடு நில்லாமல் அதனுடன் சேர்ந்து நடக்கும் மற்றவைதான் என்றார். அறை கதகதப்பாக இருக்கட்டும், குடித்த பால் இறங்கிய பிறகு தேய்க்கலாம், தேங்காய் எண்ணெய் போதும், மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டும் விடக் கூடாது, யாரும் எதையும் இழுக்கவோ பிதுக்கவோ வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் நாளே இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

ஆச்சி வந்தார். மருத்துவர் சொன்ன நிபந்தனைகளைச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று அம்மா அஞ்சினார். ஆச்சி அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவர் காலில் குழந்தையைப் போடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க, தங்கையைச் சுவரோரம் சாய்ந்து கால் நீட்டி உட்காரச் சொன்னார். "நான் இன்னும் எத்தனை நாளைக்கு வருவேன்? நீயே தேயி" என்றார். தங்கை நடுங்கும் விரல் நுனிகளால் குழந்தையின் தொடையை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிட்டது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஆச்சி, "ஏட்டி, கைய எடுத்து எடுத்து வைக்காத, புள்ள பதறும். உள்ளங்கைய முழுசா வச்சு, வச்ச கைய எடுக்காமக் கொண்டு போ" என்று சொல்லி, தன் கையை அவள் கையின் மேல் வைத்து அழுத்தத்தின் அளவைக் காட்டினார். தொடையிலிருந்து கணுக்கால் வரை, பிறகு பாதம், மறு கால், அதன் பிறகே வயிறும் மார்பும். ஒரு கை நகரும்போது மறு கை குழந்தையின் மேல் தங்கியிருந்தது. குழந்தையின் மூடியிருந்த கைமுட்டிகள் மெதுவாகத் திறந்தன. தங்கை எதையோ முணுமுணுக்கத் தொடங்கினாள். அது குழந்தையிடம் பேசும் பேச்சு என்று உணர எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. அதுவரை அவள் அதனிடம் பேசி நான் கேட்டதில்லை.

ஆச்சி காட்டிய அழுத்தத்தின் அளவை ஆய்வாளர்களும் தனியே சோதித்திருக்கிறார்கள். ஃபீல்டின் குழு குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மிக மெல்லத் தடவியும் மற்றதை மிதமான அழுத்தத்தோடு நீவியும் ஒப்பிட்டது. மிதமாக அழுத்திய பிரிவில்தான் எடை கூடுதலாக ஏறியது. வேகஸ் நரம்பின் செயல்பாடும் கூடியது. மெல்லிய தடவல் சில குழந்தைகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல் ஆகி எரிச்சலைத் தருகிறது. எவ்வளவு அழுத்தம் என்றால், கை கடக்கும் இடத்தில் தோலின் நிறம் ஒரு நொடி லேசாக மாறும் அளவு. வேகத்தைப் பற்றியும் நமக்கு ஓரளவு தெரியும். மென்மையான தொடுதலை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஒருவகை நரம்பு இழைகள், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் நகரும் கையாலேயே மிகுதியாகத் தூண்டப்படுவதையும், இனிமையாக இருப்பதாக மனிதர்கள் சொல்லும் வேகமும் அதுவாகவே இருப்பதையும் 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பெரியவர்களிடம் அளக்கப்பட்டது. ஆச்சியின் கை அந்த வேகத்தில்தான் நகர்ந்தது.

அன்றுமுதல் காலை வேளைத் தேய்ப்பு தங்கையின் பொறுப்பாயிற்று. குழந்தை முகத்தைத் திருப்பினால், விக்கினால், விரல்களை விறைப்பாக விரித்தால் போதும் என்கிறது என்று பொருள், அப்போது நிறுத்திவிட வேண்டும் என்பதையும் ஆச்சியே கற்றுக்கொடுத்தார். இதற்கெல்லாம் தனித்தனியே பயிற்சி வகுப்புகள் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் நாடுகள் உண்டு. வயிற்றின் எந்தப் பக்கம் இளகியிருக்கிறது, எந்தக் கால் மடக்கும்போது பிடிக்காமல் உதைக்கிறது, அக்குளில் வேர்க்குரு எங்கே தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. குழந்தையின் உடல் அவளுக்கு அறிமுகமான விதம் அதுதான். இதுவும் நான் என் ஆசையால் சொல்வதன்று. பேற்றுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மாரிடம் லண்டனில் நடந்து 2001இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், குழந்தையை நீவக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்கும் சென்றவர்கள், ஆதரவுக் குழுக் கூட்டத்துக்கு மட்டும் சென்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்; குழந்தையோடு அவர்கள் பழகும் விதமும் சீரடைந்தது. நீவுதலின் பலனைக் குழந்தையின் எடையில் மட்டும் தேடுகிறவர்கள், நீவுகிறவரின் பக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் வழக்கத்தில் தாயைப் படுக்க வைத்துவிட்டு வேறொருவர் குளிப்பாட்டுவார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நல்லதே. ஆனால் தங்கையைப் போன்ற ஒருத்திக்கு, அந்த அரைமணி நேரக் கைவேலை எந்த ஓய்வையும்விட மேலான மருந்தாக இருந்தது.

விட்டுவிட வேண்டியவை

மருத்துவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். பிறந்த குழந்தையின் மார்பு, ஆணானாலும் பெண்ணானாலும், தாயின் இயக்குநீர்களால் சற்று வீங்கியிருக்கும். சில வாரங்களில் தானே வற்றும். அதைப் பால் என்று பிதுக்கினால் கிருமி புகுந்து சீழ் கட்டும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இன்னும் ஆபத்தானது. எண்ணெய் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கி அழற்சியை உண்டாக்கிவிடும். இந்திய மருத்துவமனைகளில் இப்படி வந்த குழந்தைகளைப் பற்றிய பதிவுகள் உண்டு. உரம் விழுந்துவிட்டது, அதாவது கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்டது, என்று சேலையில் போட்டு உருட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்; தலை நிற்காத குழந்தையின் கழுத்து அதைத் தாங்காது. எல்லாவற்றிலும் என்னை மிகவும் கலங்கச் செய்வது, குடல் ஏறிவிட்டது என்று வயிற்றைத் தடவிக் குடலேற்றம் எடுப்பதுதான். ஆறு மாதத்தை ஒட்டிய வயதில் ஒரு குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, சளியும் இரத்தமும் கலந்து மலம் கழித்தால், அது குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொண்டதாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரிசெய்து விடுவார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடலின் இரத்த ஓட்டத்தைப் பறிக்கும். ஆச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, வயிறு கல்லாக இருக்கும் பிள்ளையைத் தான் தொடுவதில்லை என்றும், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவதாகவும் சொன்னார். எல்லோரும் அவ்வளவு தெளிவோடு இருப்பார்கள் என்று நம்ப முடியாது.

சாம்பிராணிப் புகை, கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர், மூக்கை எடுப்பாக்கப் பிடித்து இழுப்பது ஆகியவையும் இதே வரிசையில் சேரும். இவற்றில் எதுவும் நீவுதலின் பகுதி இல்லை. காலப்போக்கில் அதனோடு ஒட்டிக்கொண்டவை; பிரித்தெடுக்கலாம், ஆச்சி ஒரே காலையில் பிரித்தெடுத்துக் காட்டினார்.

குழந்தைகளைக் குளிப்பாட்டும் பெண்களை மருத்துவத் துறை எதிராளிகளாகப் பார்க்காமல் அழைத்துப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். எல்லா ஊரிலும் அவர்கள் யார் என்பது வீடுதேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிற்பகல் அவர்களை உட்காரவைத்து, மூக்கில் எண்ணெய் ஏன் கூடாது, வயிறு உப்பினால் எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் கேட்கக்கூடியவர்கள் அவர்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் தாளிலும் "எண்ணெய் வேண்டாம்" என்பதற்குப் பதிலாகச் சில வரிகள் சேர்த்து எழுதலாம்: எடையும் உடல் வெப்பமும் சீரான பிறகு மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள், தேங்காய் எண்ணெய் சில சொட்டு போதும், உள்ளங்கையை முழுவதும் வைத்து மெதுவாக நீவுங்கள், மூக்கு, காது, மார்பு, வயிறு ஆகியவற்றில் எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், முடிந்தவரை தாயே தேய்க்கட்டும், பயமாக இருந்தால் செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும். எங்கள் பகுதிச் செவிலியர் சென்ற முறை வந்தபோது தங்கை தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவில் எடை குறைந்து பிறந்த குழந்தையின் தாய்க்கு வந்து காட்ட முடியுமா என்று கேட்டார். அவள் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.